யாருக்காக அழுதாய்?

"இன்னும் கொஞ்சம் பின்னாலே போங்க பெரியப்பா. புகைபோக்கி முழுசா விழணும்" என்றாள் என் தம்பி மகள்.

நான் பின்னால் போனேன். இன்னும் நாலடி போயிருந்தால் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில் போய் விழுந்திருப்பேன். இந்தக் கட்டுரையும் எழுதப்பட்டிராது. அதனால் தமிழுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் ஏற்பட்டிருக்காது என்று சிலர் நினைக்கலாம். ஆனாலும் விழவில்லை, எழுதுகிறேன், பொறுத்துக் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் என்று ஒரு நாடு. நாடு என்றா சொன்னேன்? ஜில்லா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அந்த மூலையைச் சுற்றிக் கொண்டு கடலோரமாக ஒரு நடைபாதை போகிறது. வடக்கே மைன்ஹெட் என்ற ஊரில் ஆரம்பித்துத் தெற்கே பூல் துறைமுகத்தின் வாயில் முடிகிறது. மொத்தம் 630 மைல். இந்தப் பாதையைக் காற்று வாங்குவதற்காக யாரும் போடவில்லை. கள்ளக் கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்காகக் கடற்காவல் சேவகர்கள் இரவும் பகலும் நடந்து நடந்து உண்டான தடம் அது. ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டுமல்லவா? அதனால்தான் பாதை குன்றின் விளிம்பைவிட்டு விலகவே விலகாமல், ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஒவ்வொரு மேட்டிலும் ஏறிப் போகிறது. சேவகர்களுக்கு முழங்கால் வலி இருந்ததா என்று சரித்திரம் சொல்லவில்லை. எனக்கு இருந்தது.

ஆகஸ்டு மாதம். குன்றுச் சரிவெல்லாம் ஊதாப் பூவும் மஞ்சள் பூவும் கலந்து, யாரோ ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது. கேப் கார்ன்வால் முனையில், தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் விமானம்போல ஒன்று தெரிகிறது. கிட்டப் போனால் அது பழைய சுரங்கத்தின் புகைபோக்கி. அங்கிருந்து வடக்கே கெனிட்ஜாக் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறினால், கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கல் கட்டடங்கள் நிற்கின்றன, கூரை இல்லை, ஜன்னல் இல்லை, பக்கத்தில் ஒற்றைப் புகைபோக்கி மட்டும் ஆகாசத்தைக் காட்டிக் கொண்டு நிற்கிறது. இவைதாம் வெள்ளீயச் சுரங்கங்களின் எஞ்சின் வீடுகள். சுரங்கத்துத் தண்ணீரை மேலே இறைக்கும் நீராவி எஞ்சின்கள் இருந்த இடங்கள்.

என் தம்பி மகள் லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு எடுத்துக் கொண்டு, காரை ஓட்டிக் கொண்டு, பெரியப்பாவையும் ஏற்றிக் கொண்டு, அத்தனை தூரம் அவள் வந்தது சுரங்கம் பார்க்க அல்ல; 'போல்டார்க்' பார்க்க. வின்ஸ்டன் கிரஹாம் என்ற நாவலாசிரியர் 1945-ல் தொடங்கி 2002 வரையில் பன்னிரண்டு நாவல்களாக எழுதிய கதை அது. யுத்தத்திலிருந்து ஊர் திரும்பும் ஒரு சின்ன ஜமீன்தார், அவனுடைய சுரங்கம், அவனுடைய இரண்டு காதல்கள். 1975-ல் ஒரு தடவை டெலிவிஷனில் வந்தது; 2015-லிருந்து 2019 வரை மறுபடியும் வந்தது. அந்தத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெண்ணும், இவளைப் போல் ஆயிரக்கணக்கானவர்களும் இந்தப் பாதைக்கு வந்து சேருகிறார்கள். கதாநாயகனுடைய சுரங்கத்துக்குக் கதையில் 'வீல் லெஷர்' என்று பெயர். 'வீல்' என்றால் சக்கரம் அல்ல. கார்னிஷ் பாஷையில் சுரங்கம், வேலைத்தலம் என்று அர்த்தம். அந்த வீல் லெஷராக நடித்த எஞ்சின் வீட்டின் முன்னால்தான் நான் கைபேசியைப் பிடித்துக் கொண்டு பின்னால் நடந்தது.

எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். எங்களுக்குப் பின்னாலும் நின்றார்கள். ஒவ்வொருவரும் அதே இடத்தில், அதே கோணத்தில், தலைமுடியைக் காற்றில் பறக்கவிட்டுக் கொண்டு கடலைப் பார்த்தார்கள். கதாநாயகன் அப்படித்தான் பார்ப்பானாம்.

எங்கள் முறை முடிந்தது. பாதை ஓரத்தில் நாயுடன் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கைத்தடி வைத்திருந்த கிழவனைப் பார்த்ததில் அவருக்கு ஓர் இன அபிமானம் ஏற்பட்டிருக்கலாம்.

"நீங்கள் பார்க்க வந்தது வீல் லெஷரா, வீல் ஓல்ஸா?" என்று கேட்டார்.

"இரண்டும் ஒன்றுதானே? கதையில் ஒரு பெயர், நிஜத்தில் ஒரு பெயர்" என்றேன், விஷயம் தெரிந்தவனைப் போல.

"கட்டடம் ஒன்றுதான் ஐயா. ஆனால் வீல் லெஷரில் செத்தவர்கள் சாயங்காலம் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வீல் ஓல்ஸில் செத்தவர்கள் இருபது பேர் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள்" என்றார். அவர் கோபத்தோடு சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டவனுக்கு மணி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

★

1893-ம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி. வீல் ஓல்ஸ் சுரங்கத்தில் ஆட்கள் வேலை செய்து கொண்டிருந்தார்கள். அதை ஒட்டி, எப்போதோ கைவிடப்பட்டுத் தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கம் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே போதுமான பாறை இருக்கிறது என்று வரைபடம் சொல்லிற்று. வரைபடம் பொய் சொல்லிற்று. பூமிக்கு அடியில் திசை பார்க்கக் காந்த ஊசிதான் கதி. அந்த ஊசி காட்டும் வடக்கு நிலையானதல்ல; வருஷத்துக்கு வருஷம் சிறிது சிறிதாக நகருகிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒட்டிப் பார்க்கும்போது அந்த நகர்வைக் கணக்கிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. காகிதத்தில் தூரத்தில் இருந்த தண்ணீர், நிஜத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாறை உடைந்தது. பத்தொன்பது ஆண்களும் ஒரு சிறுவனும் முழுகிப் போனார்கள். ஒருவருடைய உடலும் மேலே வரவில்லை. சுரங்கம் அத்துடன் மூடப்பட்டது. மறுபடி திறக்கவே இல்லை.

ஆகவே நாங்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக் கொண்ட அந்த இடம் ஒரு கல்லறையின் மேல்மாடி. இதைக் கேட்ட பிறகு என் தம்பி மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கதையில் பிரான்ஸிஸ் என்று ஒரு பாத்திரம். கதாநாயகனின் பெரியப்பா பிள்ளை. அவன் ஒரு சுரங்கத்தில் தனியாகத் தண்ணீரில் விழுந்து, சுவரில் அடித்திருந்த ஓர் ஆணியைப் பிடித்துக் கொண்டு உதவிக்குக் காத்திருந்து, உதவி வராமல் செத்துப் போகிறான். அந்த வாரம் இவளுக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை என்று காரில் வரும்போதுதான் சொல்லிக் கொண்டு வந்தாள். இல்லாத ஒருவன் முழுகியதற்காக அவள் அழுத கண்ணீர் நிஜம். இருந்த இருபது பேர் முழுகிய இடத்தில் அவள் சிரித்த சிரிப்பும் நிஜம்.

யாருக்காக அழுதாய், பெண்ணே?

இந்தக் கேள்வியை அவளை மட்டும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

★

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். "சினிமா எடுத்த இடத்தைத் தேடிக் கொண்டு போவது பைத்தியக்காரத்தனம், படித்தவர்கள் செய்யக் கூடாத காரியம்" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். என் இலக்கிய நண்பர்களில் பலர் அந்தக் கட்சி. நான் அந்தக் கட்சி அல்ல. அந்த நண்பர்களே ஒரு கவிஞன் பிறந்த வீட்டைப் பார்க்கப் பஸ் ஏறிப் போய், வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறவர்கள். கதையைப் படித்துவிட்டு இடத்தைத் தேடிப் போவது பக்தி, படத்தைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேடிப் போவது பைத்தியம் என்றால், இது என்ன நியாயம்?

இதே நடைபாதையில், கிழக்கே டார்ஸெட் ஜில்லாவில், லைம் ரீஜிஸ் என்று ஒரு சிறு துறைமுகம் இருக்கிறது. அங்கே கடலுக்குள் வளைந்து போகும் பழைய கல் அலைதாங்கிக்குக் 'காப்' என்று பெயர். ஜேன் ஆஸ்டினின் கடைசி நாவலில் லூயிஸா மஸ்க்ரோவ் என்ற துடுக்குப் பெண் அதன் படியிலிருந்து குதித்து மண்டையில் அடிபடுகிறாள். மகாகவி டென்னிஸன் அந்த ஊருக்கு வந்தாராம். 1685-ல் மான்மத் பிரபு அரசனுக்கு எதிராகக் கலகக் கொடி தூக்கிக் கொண்டு வந்து இறங்கிய இடத்தைக் காட்டுகிறோம் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொன்னார்களாம். கவி அதைக் காதிலேயே போட்டுக் கொள்ளாமல், லூயிஸா மஸ்க்ரோவ் விழுந்த இடம் எது, அதைக் காட்டுங்கள் என்றாராம். இன்றைக்கும் அந்த ஊரில் இந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். நிஜமாக வந்து இறங்கி, நிஜமாகத் தோற்று, நிஜமாகத் தலை வெட்டுண்ட பிரபுவைவிட, பேனாவிலிருந்து குதித்து மையில் விழுந்த பெண் ஒருத்தி கவிக்குப் பெரிதாகிவிட்டாள்! டென்னிஸனுக்குப் பைத்தியம் என்று என் நண்பர்கள் சொல்லட்டும். பிறகு என் தம்பி மகளைச் சொல்லலாம்.

பிற்பாடு அதே காப்பின் நுனியில் கறுப்பு முக்காட்டோடு ஒருத்தி நின்றாள். ஜான் பவுல்ஸ் 1969-ல் எழுதிய நாவலில் நின்றாள். 1981-ல் அது படமானபோது மெரில் ஸ்ட்ரீப் உருவில் நின்றாள். அது முதல் அந்த நுனிக்குப் போய் முறைத்துப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. இன்னும் கிழக்கே போனால், கடலுக்குள் கல் வளைவாக நிற்கிற டர்டில் டோர். தாமஸ் ஹார்டியின் நாவலை 1967-ல் படமாக்கினபோது அந்தப் பக்கத்துக் குன்றுகளில்தான் காமிராவை வைத்தார்கள். அந்த ஹார்டிதானே டார்ஸெட்டையும் சுற்று ஜில்லாக்களையும் சேர்த்து 'வெஸெக்ஸ்' என்று செத்துப் போன ஒரு பெயரை எழுப்பிச் சூட்டியவர்? ஊர்களுக்கெல்லாம் கள்ளப் பெயர் வைத்து, படமும் போட்டுப் புத்தகத்தில் சேர்த்தவர்? அவர் உயிரோடு இருக்கும்போதே ஜனங்கள் அந்தப் படத்தை வைத்துக் கொண்டு ஊர் ஊராகத் தேடினார்கள்.

ஆகவே இந்தக் குற்றத்தில் முதல் பிரதிவாதி டைரக்டர் அல்ல, நாவலாசிரியன். எங்கள் ஜாதிதான் ஊரின் பெயரை முதலில் மாற்றியது. காமிராக்காரர்கள் பின்னால் வந்தவர்கள்.

★

அப்படியானால் என் வழக்கு என்ன? கதையைத் தேடிப் போவதில் குற்றமில்லை. கதையோடு திரும்பி வருவதில்தான் குற்றம்.

கார்ன்வாலில் ஒரு கடையில் அன்று காலை நடைபாதைப் படம் ஒன்று வாங்கினோம். வண்ண வண்ணமாக அச்சிட்டிருந்தார்கள். 'இங்கே கதாநாயகன் குதிரையில் வந்தான்', 'இங்கே அவனுடைய சுரங்கம்', 'இங்கே அவன் சட்டையில்லாமல் புல் அறுத்தான்' என்றெல்லாம் குறி போட்டிருந்தது. ஓர் இடத்திலாவது அந்த இடத்தின் சொந்தப் பெயர் இல்லை. ஒரு மனிதனை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, "உன் பெயர் இனிமேல் வேறு, உன் அப்பன் பெயர் எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாம் ஊர்களுக்குச் செய்கிறோம்.

விவரங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தச் சுரங்கப் பிரதேசம் முழுவதையும் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருக்கிறார்கள். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. படிக்க எழுத்து இருக்கிறது. கண்தான் அங்கே போகவில்லை. காமிரா காட்டிய பக்கமே போகிறது.

வீல் ஓல்ஸிலிருந்து சற்று வடக்கே நடந்தால் பொடாலக். குன்றின் அடிவாரத்தில், அலை தெறிக்கும் பாறைமேல் இரண்டு எஞ்சின் வீடுகள். அவற்றைப் பார்த்தால் யாரும் ஒரு நிமிஷம் மூச்சை நிறுத்துவார்கள். அங்கிருந்து சுரங்கம் கடலுக்கு அடியிலேயே போயிற்று. புயல் நாளில் தலைக்கு மேலே சமுத்திரம் பாறாங்கற்களை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே வேலை செய்தார்கள். 1863-ல் ஆட்களை ஏற்றி வந்த வண்டியின் சங்கிலி அறுந்து, எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் செத்தார்கள். இரண்டே வருஷம் கழித்து, 1865-ல், இளவரசரும் இளவரசியும் அதே சாய்வுச் சுரங்கத்தில் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். அப்புறம் கனவான்களும் சீமாட்டிகளும் அங்கே இறங்குவது ஒரு நாகரிகமாகிவிட்டது. டெலிவிஷன் இல்லாத காலத்திலேயே இந்த வியாதி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் வடக்கே லெவன்ட். தொடரில் அதற்கு ஓர் உலோகப் பட்டறை வேஷம். நிஜத்தில் அங்கே ஆட்களை ஏற்றி இறக்க ஒரு யந்திரம் இருந்தது. மேலும் கீழும் போகும் நீண்ட கழி, அதில் படிகள். கழி ஏறும்போது ஒரு படியில் நிற்பது; அது இறங்குமுன் சுவர்ப் பக்கத்து மேடைக்குத் தாண்டுவது; மறுபடி ஏறும்போது அடுத்த படிக்குத் தாண்டுவது. இப்படியே தாண்டித் தாண்டி, வேலை முடிந்த களைப்போடு ஆகாசத்தைப் பார்க்க வர வேண்டும். 1919 அக்டோபர் 20-ந் தேதி, ஆட்கள் வரிசையாக ஏறிக் கொண்டிருந்தபோது மேல் பிணைப்பு முறிந்து கழி விழுந்தது. முப்பத்தோரு பேர் மாண்டார்கள். ஐரோப்பிய யுத்தம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குண்டுக்குத் தப்பி வந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சந்தோஷப்பட்டு முடிவதற்குள் ஊருக்கு இப்படி ஓர் இடி.

பாஷாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளீயத் தாதுவைச் சுட்டால் ஆர்ஸனிக் புகை எழும். அதை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளில் ஆறவிட்டால் சுவரில் வெள்ளையாகப் படியும். மூக்கிலும் காதிலும் பஞ்சை அடைத்துக் கொண்டு, தோலில் களிமண்ணைப் பூசிக் கொண்டு, மனிதர்கள் உள்ளே போய் அதைச் சுரண்டி எடுத்தார்கள். அந்த அறைகளின் இடிபாடு பொடாலக்கில் இன்னும் இருக்கிறது. அதன் வளைவுகள் போட்டோவுக்கு வெகு அழகாக இருக்கின்றன.

★

எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

"லீவில் நாலு நாள் சந்தோஷமாக இருக்க வந்தால் அங்கேயும் பிணக் கணக்கா?" என்பார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டாம் என்று யார் சொன்னது? கல்யாண வீட்டில்கூட முன்னோர்களை நினைத்து ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுத்தானே தாலி கட்டுகிறோம்? அந்த நமஸ்காரத்தினால் விருந்து ருசி குறைந்து போவதில்லை.

"படம் எடுத்ததால் ஊருக்குப் பிழைப்பு வந்ததே!" என்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. இந்தப் பகுதியில் கடைசியாக ஓடிய கீவர் சுரங்கம் 1990-ல் நின்றது; கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-ல் நின்றது. பிறகு சாப்பாட்டுக் கடையும் விடுதியும் தவிர வேறு என்ன இருக்கிறது? வடக்குக் கரையில் போர்ட் ஐஸக் என்ற செம்படவர் கிராமத்தில் 2004 முதல் 2022 வரை ஒரு டாக்டர் கதையை டெலிவிஷனுக்கு எடுத்தார்கள். அங்கே போகிறவர்கள் கதை டாக்டரின் வீட்டு வாசலைத்தான் முதலில் கேட்கிறார்கள். வருகிறவர்களால் கடைகளுக்கு வியாபாரம் உண்டு. ஆனால் பிழைப்பு என்றால் குடியிருக்க வீடு வேண்டாமா? அழகான கடற்கரையைப் பார்த்தவர்களில் பணம் உள்ளவர்கள் அங்கே ஒரு வீடு வாங்கிப் பூட்டி வைத்துவிட்டுக் கோடையில் வருகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் குடித்தனம் வைக்க வீடு கிடைப்பதில்லை. ஸென்ட் ஐவ்ஸ் ஊரார் 2016-ல் வோட்டுப் போட்டு, இனிக் கட்டும் வீடுகளை அங்கேயே நிரந்தரமாக வசிக்கிறவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து கார்ன்வால் கவுன்ஸில் இரண்டாவது வீடுகளுக்கு வரியை இரட்டிப்பாக்கியிருக்கிறது. இதற்கெல்லாம் டெலிவிஷன் தொடர்தான் காரணம் என்று நான் பழி போடவில்லை. அந்தக் கடல் காமிராவுக்கு முன்னாலேயே அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஊரை மேடையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே மனிதர்கள் அடுப்பு மூட்டிக் குடியிருக்கிறார்கள் என்பது உறைக்காமல் போகிறது. மேடையில் யார் குடியிருப்பார்கள்?

"படம் இல்லாவிட்டால் உமக்கே அந்த இடம் தெரிந்திராதே!" என்பது மூன்றாவது வாதம். இதுதான் பலமான வாதம்; இதற்கு நான் தலை வணங்குகிறேன். ஆம்; தெரிந்திராது. படம் ஒரு வாசல். என்னை அது அந்த இருபது பேரிடம் கொண்டு போய்விட்டது. ஆனால் வாசலில் நின்று படம் எடுத்துக் கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பாராமல் திரும்புகிறவனை விருந்தாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிரஹாம் அந்தக் கரையிலேயே பல வருஷம் வாழ்ந்து, சுரங்கக்காரர் பாடு தெரிந்து எழுதினவர். அவர் கதையைக் கட்டிய கல், அந்த ஜனங்களின் வாழ்க்கை. கல்லை மறந்துவிட்டுக் கோபுரத்தைக் கும்பிடுவது அவருக்கும் மரியாதை அல்ல.

★

இவ்வளவையும் அன்று சாயங்காலம் விடுதியில் உட்கார்ந்து கொண்டு என் தம்பி மகளிடம் பிரசங்கமாகவே செய்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். டீ ஆறிப் போயிற்று. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தாத்தா கடைசியிலே ஒண்ணு சொன்னாரே, கவனிச்சீங்களா பெரியப்பா?"

கவனித்தேன். கவனித்ததால்தான் அதைப் பற்றி மட்டும் பிரசங்கத்தில் பேசவில்லை. கிழவர், "செம்புக்கும் ஈயத்துக்கும் விலை விழுந்ததும் எங்கள் ஆட்கள் குழி தோண்டத் தேசம் தேசமாகப் போனார்கள். மெக்ஸிகோ, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, உங்கள் மைசூர்" என்று சொல்லியிருந்தார்.

மைசூர் என்றால் கோலார். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கச் சுரங்கம் நடத்த வந்தபோது கார்ன்வால்காரர்களைத்தான் கொண்டு வந்தது. அவர்களுக்குக் கீழே, அவர்களைவிட ஆழத்தில், அவர்களைவிட அற்பக் கூலிக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று ஜில்லாக்களிலிருந்தும் போன தமிழர்கள். அதில் என் தாயாரின் தகப்பனார் ஒருவர். அவர் அங்கே சம்பாதித்த ஒரே ஆஸ்தி இருமல். அந்த இருமலைக் கேட்டுக் கொண்டே நான் நாலாம் வகுப்புப் பாடம் படித்திருக்கிறேன். மனிதர் பேசி முடிக்காத வாக்கியங்கள் எத்தனையோ. பாதியில் இருமல் வந்துவிடும்.

கோலார்ச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் பெயரைச் சுருக்கித் தலைப்பாக வைத்துக் கன்னடத்தில் 2018-லும் 2022-லும் படங்கள் வந்து தேசமெல்லாம் ஓடின. தமிழில் 2024-ல் 'தங்கலான்' வந்தது. இப்போது அந்த மண்மேட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்ள ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கோபித்துக் கொள்ள எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் முகம் இருக்கிறதா?

"நீங்க இத்தனை நாவல் எழுதியிருக்கீங்களே, தாத்தாவைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

எழுதவில்லை. கலெக்டரைப் பற்றி எழுதியிருக்கிறேன். சங்கீத வித்துவானைப் பற்றி எழுதியிருக்கிறேன். காஷ்மீரத்துக்குப் போகாமலே காஷ்மீரக் காதல் ஒன்று எழுதி, அதற்குப் பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன். கோலாரைப் பற்றி எழுதவில்லை. வாசகர்களுக்கு ருசிக்காது என்று நினைத்தேன். நிஜத்தைச் சொல்வதானால், எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. சினிமாக்காரனாவது அந்த மண்ணில் போய்க் காமிராவை வைத்தான். பேரனாகிய நான் பேனாவை வைக்கவில்லை.

ஆகவே தண்டனையை என்னிடமிருந்தே ஆரம்பித்துக் கொண்டு, மற்றவர்களுக்கும் மூன்று விண்ணப்பம் செய்து கொள்கிறேன். நடைபாதைப் படம் அச்சிடுகிறவர்களே, இடத்தின் சொந்தப் பெயரை முதலில் பெரிய எழுத்தில் போடுங்கள். கதையின் பெயரைக் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள். உங்கள் வியாபாரம் ஒன்றும் கெடாது. யாத்திரை அழைத்துப் போகிறவர்களே, கதாநாயகன் நின்ற இடத்தைக் காட்ட ஐந்து நிமிஷம் எடுத்துக் கொண்டால், அங்கே நின்று வேலை செய்தவனைப் பற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். நடக்கிறவர்களே, பாதை ஓரத்தில் நாயோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால், "இது நிஜத்தில் என்ன இடம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கேட்கிறவரையில் காத்திருக்காதீர்கள். எல்லாக் கிழவர்களும் அவ்வளவு நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் அவளே மறுபடி அங்கே போக வேண்டும் என்றாள். போனோம். மழைத் தூறல், வரிசையில் யாரும் இல்லை. அவள் சற்று நேரம் நின்றாள். கும்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதையல்ல என்று கடல் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு, முதல் நாள் எடுத்த அந்தப் போட்டோவை அனுப்பியிருந்தாள். புகைபோக்கி முழுவதும் விழுந்திருக்கிறது. அந்த மட்டில் என் உழைப்பு வீண் போகவில்லை. கீழே 'வீல் ஓல்ஸ், கார்ன்வால். 10 ஜனவரி 1893' என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'போல்டார்க் எடுத்த இடம்' என்று இருந்தது.

அதை மேஜைமேல் வைத்துக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து பங்காருப்பேட்டைக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து கோலார்த் தங்கவயல் கூப்பிடு தூரம். முழங்கால் வலி என்று இனிமேல் நான் சாக்குச் சொல்ல முடியாது. கார்ன்வாலில் நடந்த கால்தானே இது?